படம் தெளியட்டும், பிறகு கத்தி

ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன அன்று, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். கண்ணில் குறை இல்லை. நூலைப் பிடித்திருந்த விரல்களில் இருந்தது. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உறை மாட்டியது போல மரத்துக் கிடந்தன. நூல் விரலுக்குள் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் திண்டுக்கல் நாகல் நகரில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஜெசிந்தா. ஐம்பதைத் தாண்டிவிட்டேன். யாருடைய துணி எப்போது வந்தது, என்ன அளவு, எப்போது தைத்துக் கொடுத்தேன் என்று எழுதி வைத்துப் பழகியவள். அந்தப் பழக்கத்தில்தான் நோய் வந்த நாட்களையும் எழுதி வைத்தேன். ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கும், 'படம் சரியா வரலை, ஆனாலும் ஆபரேஷன் பண்ணிரலாம்' என்ற வார்த்தையைக் கேட்க நேர்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று இப்போது அதை ஒழுங்காக எழுதுகிறேன்.

நூலுக்குப் பிறகு கத்தரி. ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. துணி தப்பியது. எனக்குத்தான் உடம்பு வேர்த்துவிட்டது. தெரு முனை டாக்டர் சர்க்கரையாக இருக்கும் என்றார். ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், சர்க்கரை இல்லை. கையில் சிறு சிறு மின்சாரம் வைத்து நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி கொண்டுபோகிறது என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று செய்தார்கள். விரல் நரம்பில் கோளாறு இல்லை, மேலே எங்கோ அமுங்குகிறது என்றார்கள். கடைசியில் நரம்பு அறுவை சிகிச்சை டாக்டரிடம் போய் நின்றோம். அவர் ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். என் கால் அவர் மேசையை உதைக்கும் அளவுக்கு எகிறியது.

"கால் இவ்வளவு எகிறுதுன்னா கழுத்துலதான் பிரச்னை" என்றார்.

மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகிற நரம்பெல்லாம் ஒரு கற்றையாகக் கழுத்தெலும்புகளுக்கு உள்ளே இறங்குகிறது. அதுதான் தண்டுவடம். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருப்பது டிஸ்க். அந்த மெத்தை பிதுங்கி வடத்தை அழுத்தலாம்; வடத்துக்கு உள்ளேயே ஏதாவது வளரவும் செய்யலாம். எது என்று தெரிய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

முதல் ஸ்கேன் ஊருக்குள்ளேயே ஒரு இடத்தில். தாலிக்கொடியைக் கழற்றி என் வீட்டுக்காரர் அந்தோணியிடம் கொடுத்தேன். கொடியில் நான் மாட்டி வைத்திருந்த ஊக்குகளைப் பார்த்துவிட்டு அவர், "கடையவே தூக்கிட்டு அலையிறியே" என்றார். கொண்டைக் குச்சி, ரவிக்கைக் கொக்கி, கையில் சுற்றியிருந்த ஜெபமாலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். காந்தம் இருக்கும் அறைக்குள் இரும்பு போகக் கூடாது.

எம்.ஆர்.ஐ. எக்ஸ்ரே மாதிரி ஒரு நொடியில் முடிகிற காரியம் இல்லை. பெரிய காந்தம் நம் உடம்பில் உள்ள தண்ணீரின் அணுக்களை ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்துகிறது. பிறகு ரேடியோ அலையால் தட்டினால் அவை மெல்லிய சைகை ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். அதை வரி வரியாகச் சேகரித்துத்தான் படம் வரைகிறார்கள். சேகரித்து முடியும் வரை ஆள் அசையக் கூடாது. குழாய்க்குள் மூக்குக்கு நேர் மேலே கூரை. தலையைச் சுற்றி ஒரு கூண்டு. காதுக்குள் அடைப்பான் வைத்தும் அடங்காத இரைச்சல்: துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் பத்தை ஒரே தகரக் கொட்டகையில் ஓட்டினால் வருமே, அப்படி. இரண்டு முறை, "ஆடாதீங்கம்மா" என்று குரல் வந்தது. நான் ஆடவே இல்லை. ஆணி அடித்தது போலக் கிடந்தேன்.

அறிக்கையில், 'நோயாளியின் அசைவால் படம் தெளிவாக இல்லை' என்று இருந்தது. படித்ததும் வந்த கோபம் வீடு வரைக்கும் அடங்கவில்லை.

அறுவை சிகிச்சை டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "வடத்துக்குள்ள ஒரு வெள்ளைத் திட்டு தெரியுதும்மா. கட்டியா இருக்கலாம். டிஸ்க் அழுத்தி உண்டான வீக்கமாவும் இருக்கலாம். படம் கலங்கிருக்கு. நாள் கடத்த வேண்டாம், பின்கழுத்தைத் திறந்து பாத்துரலாம்."

"திறந்து பாத்து, டிஸ்க்குதான்னு தெரிஞ்சா சார்?"

"டிஸ்க்குன்னா முன்பக்கமா போறதுதான் நல்லது. அது அப்புறம் யோசிக்கலாம்."

"அப்ப பின்னாடி ஒரு வெட்டு, முன்னாடி ஒரு வெட்டா?"

அவர் பேனாவை மூடினார். "உள்ள கை வச்சா கை இன்னும் கொஞ்சம் பலம் குறையவும் வாய்ப்பிருக்கு. அதையும் சொல்லிடணும்ல?"

வலது கை எனக்கு வெறும் கை இல்லை. அதில்தான் கத்தரி இருக்கிறது, கடை இருக்கிறது. பயந்துதான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"தெளிவான படம் வரட்டும் சார். அப்புறம் எந்தப் பக்கம் வெட்டணுமோ வெட்டுங்க, கையெழுத்துப் போடுறேன். கலங்கின படத்தை நம்பிக் கழுத்தை நீட்ட மாட்டேன்."

"திரும்ப எடுத்தாலும் நீங்க ஆடுனா இப்படித்தான் வரும்."

"நான் ஆடலை."

அவருக்கு எரிச்சல் வந்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் நல்ல மனிதர். ஒரு சீட்டை எடுத்து, ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் இருக்கும் இன்னொரு ஸ்கேன் சென்டரின் பெயரை எழுதினார். "அங்க புதுசா ஒரு ஏ.ஐ. வசதி போட்ருக்காங்க. சீக்கிரம் எடுத்துருவாங்க. ஒரு வாரம் தாரேன், அதுக்கு மேல கேக்காதீங்க. நடை தடுமாற ஆரம்பிச்சா அப்புறம் திரும்பாது."

வெளியே வந்ததும் அந்தோணி, "பெரிய டாக்டர்கிட்டயே இம்புட்டுப் பேசுறியே ஜெசி" என்றார்.

"கழுத்து என்னுதுங்க."

காப்பீட்டு அலுவலகத்தில் ஒரே கழுத்துக்கு எதற்கு இரண்டாவது ஸ்கேன் என்று கேட்டார்கள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அந்தோணி முந்திக்கொண்டார். அவர் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். பொதுவாக அலுவலகங்களில் வாய் திறக்க மாட்டார். "ஸ்டுடியோல கண்ண மூடிட்டா இன்னொரு போட்டோ எடுக்கிறதில்லையா தம்பி?" என்றார். காப்பீடு கிடைக்கவில்லை. கைக்காசுதான். ஆனால் அந்தக் கேள்விக்காக அவரை அன்று எனக்கு ரொம்பப் பிடித்தது.

பைபாஸ் சென்டரின் காத்திருப்பு அறையில் எரியோட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பழைய எக்ஸ்ரே படத்தால் விசிறிக்கொண்டிருந்தார். அவருடைய மகனுக்கு முதுகு. எனக்குத் துணையாக என் நாத்தனார் பிலோமினாவும் வந்திருந்தாள். அவள் வந்தால் அறையில் மௌனம் இருக்காது.

"மதினி, உள்ள வச்சு மூளையையும் சேத்துக் காட்டிருமா அது?"

"காட்டும். உனக்கு எடுத்தா இடம் காலின்னு காட்டும்."

ஸ்கேன் எடுத்த பெண்ணின் பெயர் கவிதா. என்னைப் படுக்க வைத்து, புது முறையில் சேகரிக்க வேண்டிய வரிகளில் கொஞ்சத்தைத்தான் எடுப்பார்கள், மீதியைக் கம்ப்யூட்டர் நிரப்பித் தரும், அதனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றாள். குழாய்க்குள் போனேன். இரைச்சல் தொடங்கியது. சற்று நேரத்தில் நின்றது. காதுக்குள் அவள் குரல்.

"அக்கா, உள்ள யாருகிட்ட பேசுறீங்க?"

"யாருகிட்டயும் பேசலையே."

"மைக்குல முணுமுணுன்னு கேக்குதுக்கா."

"அதா? ஜெபமாலை சொல்றேன். மாதாகிட்ட."

அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு, "மாதாகிட்ட பேசும்போது தாடை ஆடுதுக்கா. தாடை ஆடுனா தொண்டை ஆடும். தொண்டைக்குப் பின்னாடிதானே நான் படம் எடுக்கணும்?"

எங்கள் வீட்டில் மனதுக்குள் சொல்லும் ஜெபத்தை ஜெபமாகவே கணக்கெடுக்க மாட்டார்கள். உதடு அசைய வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பயம் வந்தால் 'அருள் நிறைந்த மரியே' தானாக வாயில் ஓடும். ஓடுவது எனக்கே தெரியாது. முதல் ஸ்கேனில் ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்திருந்தேன். படம் கலங்கியது அதனால்தான். அறிக்கை சொன்னது உண்மை. நான் ஆடித்தான் இருக்கிறேன். ஆனாலும் நான் இன்னொரு படம் கேட்டது தவறு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. யார் ஆட்டினால் என்ன, கலங்கிய படம் கலங்கிய படம்தான்.

"மனசுக்குள்ள சொல்லுங்கக்கா."

"வராதும்மா. வாய் தானா போகும்."

"அப்ப செத்த நேரம் மாதாவுக்கு லீவு குடுங்க."

கொடுத்தேன். பல்லைக் கடித்து, நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தேன். நிஜமாகவே சீக்கிரம் முடிந்துவிட்டது. முதல் இடத்தில் பிடித்த நேரத்தில் பாதிகூட இல்லை.

படத்தை டாக்டர் ஷகிலா பார்த்தார். ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்வதற்கென்றே படித்தவர். என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். திரையில் என் கழுத்து. எலும்புகள் அடுக்கி வைத்தது போல, நடுவே வடம் சாம்பல் நிற நாடாவாக இறங்கியது. ஓரிடத்தில் டிஸ்க் பிதுங்கி நாடாவை நெருக்குவது எனக்கே தெரிந்தது. அந்த இடத்தில் வடத்துக்குள் பயமுறுத்திய வெள்ளைத் திட்டு இல்லை. மங்கலான ஒரு தடம் மட்டும்.

"பாக்க டிஸ்க் அழுத்தம் மாதிரிதாம்மா இருக்கு. கட்டி மாதிரி தெரியலை."

பிலோமினா சிலுவை போட்டாள். எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ நெருடியது. இந்தப் படம் அழகாக இருந்தது. அளவுக்கு மீறி அழகாக இருந்தது.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? எடுக்காத வரிகளைக் கம்ப்யூட்டர் எப்படி நிரப்புது?"

"ஆயிரக்கணக்கான பேரோட முழுப் படங்களைக் காட்டிப் பழக்கியிருக்காங்கம்மா. மெஷின் லேர்னிங்னு சொல்லுவோம். எந்த மாதிரி குறைஞ்ச அளவுக்கு எந்த மாதிரி முழுப் படம் வரும்னு அதுக்குப் பழகியிருக்கும். இரைச்சல் புள்ளிகளையும் எடுத்துரும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ரவிக்கை தைக்கிறேன்."

"உடம்பு முழுக்கவா அளவு எடுப்பீங்க?"

"நாலஞ்சு அளவு. மீதி கைப்பழக்கத்துல வெட்டுவேன்."

"அதே மாதிரிதான்."

"ஆனா ஒரு தோள் எறங்கியிருக்கிற பொம்பளைக்கு என் கைப்பழக்கம் பொய் சொல்லும் டாக்டர். ரெண்டு தோளையும் சமமா வெட்டிப்புடும். இதுவும் ஆயிரம் நல்ல கழுத்தைப் பாத்த பழக்கத்துல, என் கழுத்துல இருக்கிற கட்டியையும் இரைச்சல்னு நெனச்சுத் தொடச்சு விட்ருக்குமோ?"

பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டதாக எனக்குள் ஒரு நிமிர்வு. டாக்டர் ஷகிலா சிரித்துவிட்டு, தன் முன்னால் இருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். அதில் எனக்கு அடுத்து எடுக்க வேண்டிய படங்களை நான் உள்ளே வருவதற்கு முன்பே எழுதியிருந்தார்.

"எடுத்த அளவை அது மாத்த முடியாதும்மா. அளவோட ஒத்துப்போற மாதிரிதான் நிரப்பணும்னு கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் சின்ன இடத்துல தப்பலாம். அதனால சந்தேகமான அந்த ஒரே இடத்தை மட்டும் பழைய முறையிலயே, ஒரு வரி விடாம, குறுக்குவாட்டுல எடுக்கப்போறேன். மருந்து ஏத்தியும் பாக்கணும். கட்டி இருந்தா மருந்தை உறிஞ்சிக்கிட்டுப் பளிச்சுனு காட்டிக் குடுக்கும். ஆனா இது மெதுவாத்தான் எடுக்கும். நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்குமா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அது வரும் வரை மீண்டும் காத்திருப்பு அறை. நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. திட்டு பளிச்சென்று தெரிந்தால் கட்டி, பின்கழுத்து, கை போகலாம். தெரியாவிட்டால் டிஸ்க், முன்கழுத்து, கை தேறலாம். அந்தோணி என் மரத்த விரல்களைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை.

"ஜெபம் இல்லாம எப்படிக் கெடக்கப் போறேனோ."

பிலோமினா என் ஜெபமாலையை அண்ணன் கையில் திணித்தாள். "நீ சும்மா கெட மதினி. நாங்க வெளிய இருந்து உனக்காகச் சொல்றோம்."

"உங்க அண்ணனா? சாயங்கால ஜெபத்துக்கு உக்காந்த உடனே கொறட்டை விடுற ஆளு."

"நான் கிள்ளிக்கிட்டே இருக்கேன்."

உள்ளே போனேன். கையில் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். இந்த முறை இரைச்சல் நின்றபாடில்லை. வாய்க்குள் எச்சில் ஊறியது. பயம் ஏற ஏறத் தொண்டை விழுங்கத் துடித்தது. உதடு பிரியப் பார்த்தது. அப்போதுதான் ஒன்றைக் கண்டுகொண்டேன். பயந்தால் தொண்டை விழுங்குகிறது; கோபப்பட்டால் தொண்டை இறுகி நிற்கிறது. அதனால் கோபத்தைப் பிடித்துக்கொண்டேன். என் விரலை எடுத்துக்கொண்ட நோயின் மேல் கோபப்பட்டேன். 'வயசாச்சுல்ல, கடைய மூடிரு' என்று சொன்ன வாடிக்கையாளர் மேல் கோபப்பட்டேன். என் தலைக்கு மேல் இருந்த அந்த வெள்ளைக் கூரையை முறைத்து, என்னைச் சரியாகப் பார்த்துக்கொள், ஒரு வரியையும் விட்டுவிடாதே என்று மனதுக்குள் அதட்டினேன். அதுவும் ஒருவகை ஜெபம் என்று யாராவது சொல்லலாம். எனக்கு அது சண்டையாகத்தான் இருந்தது. கையில் மருந்து குளிர்ச்சியாக ஏறியது. நான் அசையவில்லை.

வெளியே நடந்ததைப் பிலோமினா பிறகு சொன்னாள். அந்தோணி ஜெபமாலையில் எத்தனை மணி முடிந்தது என்பதை மறந்து திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாராம். எரியோட்டு அம்மா எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க, நானும் பின்னாடியே சொல்றேன், எம் மகனுக்கும் சேரட்டும்" என்று கூடச் சேர்ந்துகொண்டாராம். அவருக்கு வார்த்தைகள் சீக்கிரம் பிடிபட்டுவிட, கடைசியில் அவர்தான் அந்தோணியைத் திருத்தினாராம்.

டாக்டர் ஷகிலா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று இயந்திரம் நிரப்பியது, இன்னொன்று முழுதாக அளந்தது. முழுதாக அளந்தது கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. ஆனால் அந்த இடத்தில் இரண்டும் ஒன்றையே சொன்னன. மருந்து எங்கும் தேங்கவில்லை.

"கட்டி இல்லை. டிஸ்க் நசுக்கி வடம் கன்னிப்போயிருக்கு, அவ்வளவுதான். முதல் படத்துல தெரிஞ்ச திட்டு, பாதி கன்னிப்போன தடம், பாதி உங்க ஜெபம்."

படங்களை எடுத்துக்கொண்டு அந்த வாரமே அறுவை சிகிச்சை டாக்டரிடம் போனேன். வெகு நேரம் பார்த்தார். "முன்பக்கமா போறோம். ஒரே வெட்டு" என்றார். பிறகு, "நல்லவேளை எடுத்தீங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். மரத்த விரல்களால் போட்டதால் கோணலாக இருந்தது. ஆனால் எங்கே வெட்டப் போகிறார்கள், எதற்கு என்று தெரிந்து போட்ட கையெழுத்து.

தொண்டைக்குப் பக்கத்தில் திறந்து, பிதுங்கிய டிஸ்க்கை எடுத்து, அந்த இடத்தில் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் தாங்க ஒரு சிறு கூடு வைத்தார்கள். கண் விழித்ததும் யாரோ, "கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டுங்க பாப்போம்" என்றார்கள். ஒட்டினேன். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அவற்றுக்கு நடுவில் போர்வையின் மடிப்பு மாட்டியிருப்பது தெரிந்தது. பார்க்காமலே தெரிந்தது.

சில வாரம் குரல் கரகரத்துப் போனது. விழுங்கினால் வலித்தது. அந்தோணி சோற்றை ரசத்தில் குழையப் பிசைந்து ஊட்டினார். என் தலையையும் அவரே வாரி, எந்த ஊரிலும் காணாத ஒரு பின்னல் போட்டார். பிலோமினா, "மதினிக்குக் குரல் போனது இந்த வீட்டுக்கு எம்புட்டு நிம்மதி" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். இரவில் கழுத்துப் பட்டையோடு மல்லாந்து கிடக்க நேர்ந்தபோது அழுதிருக்கிறேன். அதையும் எழுதத்தான் வேண்டும். பயம் இல்லாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆள்காட்டி விரல் நுனி இன்றும் முழுதாக விழிக்கவில்லை. நூல் கோக்க ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன். வெட்டுவது நான்தான்.

பட்டையைக் கழற்றிய பிறகு முன்கழுத்தில் தழும்பு குறுக்காக, சிவப்பாக நின்றது. கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பட்டையாக ஒரு சங்கிலி போடு, சேலையை இழுத்துப் போர்த்திக்கொள், ஏற்றிய கழுத்தாக ரவிக்கை தைத்துக்கொள். ஏற்றிய கழுத்து எத்தனையோ பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வேண்டாம்.

திரும்ப வந்து முதலில் வெட்டியது என் ரவிக்கையைத்தான். மாம்பழ நிறப் பருத்தி. சாக்பீஸால் கோடு போட்டேன். கோட்டை இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டு வெட்டினேன். முன்கழுத்தை வழக்கத்தைவிட அகலமாகவே இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியபோது பிலோமினா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மதினி, கழுத்து இம்புட்டு அகலமா? தழும்பு அப்படியே தெரியுதே."

"தெரியத்தான் அளந்து வெட்டிருக்கேன். வா, முன்வரிசைல இடம் போயிரும்."